கல்வேலி ஓரத்துக் கத்தரிக்கோல்

நெடுந்தீவில் வீட்டில் தலைமயிர் வெட்டுகிறவர்கள் முதலில் பார்ப்பது காற்றை. சோளகம் எழும்பிவிட்டால் முற்றத்தில் சீப்பைக்கூட நிம்மதியாகப் பிடிக்க முடியாது. வெட்டிய மயிர் கண்ணுக்குள்ளும் அடுப்படிக்குள்ளும் பறந்து விழும். அதனால் பவளக்கல் அடுக்கிக் கட்டிய வேலியின் காற்றுப்படாத பக்கத்தில் ஒரு பழைய கதிரையைப் போட்டு, பொடியனை இருத்தி, கிழிந்த சாரம் ஒன்றைக் கழுத்தைச் சுற்றி முடிந்துவிடுவார்கள். சீப்பால் மயிரைத் தூக்கி, சீப்புக்கு வெளியே நிற்பதை மட்டும் நறுக்க வேண்டும். உச்சியில் அது இலகு. காதடிதான் கஷ்டம். காதை மடித்துப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி வெட்டும்போதுதான் பிள்ளை கூச்சத்தில் நெளியும். வெட்டுகிறவர் அதட்டுவதும் அப்போதுதான். கடைசியாகப் பிடரியில் பிளேட்டால் ஒரு கோடு. பிறகு நேரே கிணற்றடி. தலை முழுகாமல் வீட்டுப் படி ஏற முடியாது.

செவ்வாய், வெள்ளியில் வெட்டுவதில்லை. பிறந்த நட்சத்திரத்திலும் இல்லை. நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளை நம்பியிருக்கிற தீவில், நாளைப் பார்த்தபின் தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

குறிகட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலம் படகில் போய்ச் சேர வேண்டிய ஊரில், வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கத்தரிக்கோல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை என்றுதான் தோன்றும். காசு மிச்சம், நேரம் மிச்சம், ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகள் மூன்று பேரையும் ஒரே இருப்பில் முடித்துவிடலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் தீவகத்தில் ஒரு சாராருக்கு வீட்டில் மயிர் வெட்டுவது சிக்கனத்தால் வந்த பழக்கம் அல்ல. அவர்களுக்கு வெட்ட ஆள் வரவில்லை. வரக்கூடாது என்று ஊர் கட்டளையிட்டிருந்தது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று நீளும் தீவகத்தில் வீட்டுக் கத்தரிக்கோலின் கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் பழைய குடிமை முறையில் நாவிதருக்கு 'வீடுகள்' இருந்தன. இன்ன குடும்பம் இன்ன இன்ன வளவுகளுக்கு உரியது என்ற கணக்கு தலைமுறை தலைமுறையாக வந்தது. பரியாரி என்று ஊரார் அழைத்த அவர், குறித்த நாளில் வளவுக்கு வருவார். வீட்டுக்காரர் விறாந்தைக்கு வெளியே, தாழ்வாரத்தின் கீழோ மரநிழலிலோ இருப்பார். கூலி காசாக இராது. விளைச்சல் காலத்தில் ஒரு பங்கு, கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் உரிய வரிசை, பெருநாளில் வேட்டி. பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிக்கும்போது பிறந்த மயிரை வழிப்பவர் அவர். மாப்பிள்ளையின் முகத்தை வழிப்பவர் அவர். சுடலையில் கொள்ளி வைப்பவர் தண்ணீர்க் குடத்தைத் தோளில் சுமந்து பிணத்தைச் சுற்றி வரும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் கத்தியால் கொத்தித் துவாரம் இடுபவரும் அவரே. அவர் வீட்டுப் பெண்கள் பலர் மருத்துவச்சிகளாகவும் இருந்தார்கள். பிறப்பிலிருந்து சாம்பல் வரை ஒரு குடும்பத்தின் உடம்போடு தொடர்புள்ள வேலைகள் எல்லாம் அவர்களின் கையில்.

இவ்வளவு வேண்டப்பட்டவர் வீட்டுக்குள் வர முடியாது. கிணற்றில் கை வைக்க முடியாது. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட ஐந்து சாதிகளில் நாவிதரும் வண்ணாரும் சேர்த்தே எண்ணப்பட்டார்கள்.

1950களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் மைக்கேல் பாங்ஸ் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். பின்னர் வந்த கென்னத் டேவிட், ஊரோடு கட்டுண்ட சாதிகள், கட்டில்லாமல் காசுக்குத் தொழில் செய்த சாதிகள் என்று பிரித்துக் காட்டினார். நாவிதர் கட்டுண்டவர். அவர் யாருக்குக் கத்தி பிடிக்கலாம், யாருக்குப் பிடிக்கக்கூடாது என்பதைத் தீர்மானித்தவர்கள் நிலம் வைத்திருந்த வெள்ளாளர். பள்ளர், நளவர், பறையர் தலையில் பட்ட கத்தி தங்கள் தலைக்கு வரக்கூடாது என்பது அவர்கள் சட்டம். அதை மீறிய நாவிதருக்குத் தண்டனை எளியது: அவருடைய வீடுகள் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆண்டு முழுவதற்குமான வாழ்வு ஒரு தலைமயிரில் போய்விடும். ஆக, மறுக்கப்பட்டவனும் ஒடுக்கப்பட்டவன், மறுத்தவனும் ஒடுக்கப்பட்டவன். இந்த முறையின் கொடுமை இதுதான் என்று நினைக்கிறேன்: கீழே இருப்பவர்களில் ஒருவரைக் கொண்டே இன்னொருவரை அது வெளியே நிறுத்தியது.

இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை அடிமைகளைச் சொத்துப் போலவே வைத்து விதி சொன்னது. அந்த அடிமைப் பட்டியலில் இருந்த நளவரும் பள்ளரும் 1844க்குப் பிறகும், பனைமரத்தடியிலும் தோட்டத்திலும் அதே வளவுகளுக்கே உழைத்தார்கள். மாறியது ஏட்டில் இருந்த பெயர். அவர்களின் குடியிருப்புகளில் கத்தி பிடிக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருந்தார். மாமன் மருமகனுக்கு வெட்டினார், அண்ணன் தம்பிக்கு வெட்டினான். பனை ஏறி இறங்கிய பின் அந்தியில், பனையோலை வேலி ஓரத்தில், ஒருவர் தலையை மற்றவர் பார்த்தார்கள். கூலி கிடையாது. இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. சட்டி கவிழ்த்து வெட்டினது போல இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் பழித்தால், பழிப்பு மயிரைப் பற்றியது மட்டும் அல்ல என்பது கேட்ட பிள்ளைக்குத் தெரியும். வகுப்பில் வாங்கில் இருக்கவே அந்தப் பிள்ளைகளுக்கு 1929இல் 'சமஆசனம்' என்ற அரச ஆணை வேண்டியிருந்தது. அதை எதிர்த்துப் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தவர்களும் இருந்தார்கள்.

கைமாறிய கருவிகளையும் கவனிக்க வேண்டும். குடுமிக் காலத்தில் வேலை பெரும்பாலும் சவரக்கத்திக்குத்தான். முன்தலையையும் முகத்தையும் வழிப்பதற்கு நாள்பட்ட பழக்கம் வேண்டும். தோலில் தீட்டிய கத்தியோடு ஒருவர் தொண்டையில் விளையாட முடியாது. கிறிஸ்தவப் பள்ளிகளும் கச்சேரி உத்தியோகமும் வந்தபின் கிராப் பரவியது. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டணங்களிலும் கடை வைத்திருந்த புங்குடுதீவு வர்த்தகர்களும், மலாயாவுக்குப் போன உத்தியோகத்தர்களும் வெட்டிய தலையோடு ஊருக்கு வந்தார்கள். கிராப்புக்குக் கத்தரிக்கோல் போதும். தையலுக்கு வைத்திருந்ததை எடுத்தும் வெட்டலாம். சரியாக வராவிட்டாலும் இரத்தம் வராது.

சவரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது வேறொரு கருவி. அமெரிக்கரான கிங் காம்ப் ஜில்லெட் கழற்றி மாட்டும் பிளேட் உள்ள ரேசரை 1903இல் விற்பனைக்கு விட்டார். அந்த ஆண்டு விற்றவை 51 ரேசரும் 168 பிளேட்டும். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு 35 இலட்சம் ரேசர்கள் போயின. உலகத்தின் ஆண்கள் தங்கள் முகத்தைத் தாங்களே வழிக்கப் பழகினார்கள். விறாந்தை ஓரத்தில் காத்திருந்து பரியாரியிடம் முகத்தை நீட்டிய பெரியவரின் பிள்ளை, சுவரில் கண்ணாடியை மாட்டி, சவர்க்கார நுரையைப் பூசித் தானே வழித்துக்கொண்டான். நாவிதருக்கு வாரம் இரண்டு தடவை இருந்த வேலை மாதம் ஒன்றாகச் சுருங்கியது. கூலிப் பங்கும் சுருங்கியது. குடிமையின் கட்டு தளர்ந்ததில் நீதிக்கு எவ்வளவு பங்கு, பிளேட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

கட்டைத் தாங்களே அறுத்துக்கொண்ட நாவிதர்கள் பட்டணத்தில் சலூன் திறந்தார்கள். இந்த மாற்றத்தின் கனம் இன்று எளிதில் விளங்காது. கத்தியை எடுத்துக்கொண்டு வளவுக்கு வளவு போனவர், தன்னுடைய கதிரைக்குத் தலையை வரச் சொன்னார். வந்தவர் முறை வரும்வரை வாங்கில் காத்திருந்தார். கதிரையில் ஏறினால் தலையைக் குனி என்றால் குனிய வேண்டும். கூலி அன்றே, காசாக. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன் அப்படியான ஒன்று. அங்கே கத்தரிக்கோல் பிடித்தவர் டொமினிக் ஜீவா. 1927இல் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் சாதி சொல்லி அவமதிக்கப்பட்டதால் படிப்பை விட்டவர். அந்தச் சலூனையே தன்னுடைய சர்வகலாசாலை என்று சொல்லி வந்தார். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஓகஸ்டில் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். இதழின் முகவரி அந்தச் சலூன்தான். எழுத்தாளர்கள் கைப்பிரதிகளோடு அங்கே வந்தார்கள். 2012 வரை ஏறக்குறைய 400 இதழ்கள். 2021 ஜனவரியில் காலமானார். ஈழத்து இலக்கியத்தின் ஒரு முக்கியமான வாசல் முடிதிருத்தும் கடைக்குள்ளால் திறந்திருந்தது என்பதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

ஆனால் சலூன் வந்ததும் எல்லாத் தலைக்கும் கதிரை கிடைத்துவிடவில்லை. தேநீர்க் கடையில் சாதியைப் பார்த்து ஒருவருக்குப் பேணியும் ஒருவருக்குப் போத்தலும் இருந்த காலம் அது. கிராமத்துச் சலூன்களிலும் அதே வழக்கம். வெள்ளாளர் வராமல் விட்டுவிடுவார்கள் என்ற பயம் பழைய குடிமைப் பயத்தின் மறுபிறப்பு. இந்தியா 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கைப் பாராளுமன்றம் 1957இன் 21ஆம் இலக்கச் சட்டமாகச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கடை, உணவகம், பொதுக் கிணறு, சலூன், சலவைச்சாலை என்று சாதியைச் சொல்லி மறுக்க முடியாத இடங்கள் அதில் வந்தன. சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் நீண்ட கிளர்ச்சி இல்லாமல் அது வந்திராது. வந்த பின்னும் தாளில்தான் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் இருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமும்தான் தாளைத் தெருவுக்கு இறக்கின. கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை எழுதியது இந்தச் சூட்டில் இருந்துதான்.

மறுப்பு எப்போதும் மேலிருந்துதான் வந்தது என்றும் இல்லை. 1890இல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே முன்னின்றபோது, விதவைகளின் தலையை இனி மழிக்கமாட்டோம் என்று நாவிதர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். யாழ்ப்பாணத்திலும் வீட்டுக்கு வந்து வெட்டமாட்டோம், செத்த வீட்டுக் குடிமை செய்யமாட்டோம் என்று இளைய தலைமுறை சொல்லத் தொடங்கியது. அப்படிச் சொன்ன ஊர்களில் வெள்ளாள வீடுகளும் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தன. ஒரு சாராருக்கு விதிக்கப்பட்டிருந்த பழக்கம் மறு சாராரின் முற்றத்துக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

பெண்களின் மயிரைப் பற்றி இதுவரை சொல்லாததற்குக் காரணம், அது என்றைக்குமே வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. தாயோ அக்காவோ பின்னலை அவிழ்த்து, வெடித்த நுனியை ஒரு விரற்கடை நறுக்கிவிடுவார். வளர்பிறையில் வெட்டினால் நன்றாக வளரும் என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல். அதற்கு மேல் கத்தரி வைத்தால் ஊர் கதைக்கும். 1980களின் நடுவில் பெண்கள் ஆயுத இயக்கங்களில் சேர்ந்து பயிற்சி எடுத்தபோது அந்த ஒழுங்கு உடைந்தது. பின்னர் போராளிப் பெண்கள் பலர் மயிரைக் கட்டையாக வெட்டினார்கள். 2009இல் போர் முடிந்து முகாம்களுக்கு வந்த இளம் பெண்களின் கட்டை மயிரைப் பார்த்தே படையினர் சந்தேகப்பட்டார்கள். பிள்ளையின் மயிர் எப்போது தோள் தொடும் என்று தாய்மார் நாள் எண்ணினார்கள்.

தீவகத்துக்குப் போர் முன்பே வந்துவிட்டது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவில் இருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்டில் படையினர் ஊர்காவற்றுறையில் இறங்கினார்கள். அதன்பின் தீவுகள் வெறுமையாகத் தொடங்கின. வேலணையில், புங்குடுதீவில், மண்டைதீவில் இருந்தவர்கள் பண்ணைக் கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒதுங்கினார்கள். எந்தப் பரியாரி எந்த வளவுக்கு உரியவர் என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை. வளவே இல்லை. நெரிசலில் பேன் பெருகியது. தாய்மார் பிள்ளைகளின் தலையை ஒட்ட நறுக்கினார்கள். ஒரே மண்டபத்தில் ஒரே கத்தரிக்கோல் பாய்க்குப் பாய் இரவல் போனது. ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபரில், வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தபோது அந்தப் பழக்கமும் கூட நடந்தது. போர் சாதியை ஒழித்தது என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. கலியாணப் பேச்சில் அது அப்படியே இருக்கிறது. ஆனால் தலைமயிர் வெட்டும் வரிசையில் அது நிற்க இடம் கிடைக்காமல் போனது உண்மை.

அப்படியே கடல் தாண்டிப் போனவர்கள் அங்கேயும் வீட்டில் வெட்டினார்கள். 1980களில் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் ஓர் அறையில் ஐந்தாறு பேராக இருந்த இளைஞர்களுக்குச் சலூன் கூலி ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. குளியலறையில் பத்திரிகை விரித்து ஒருவர் தலையை மற்றவர் வெட்டினார்கள். பின்னாளில் பாரிஸ் லாச்சப்பல் தெருக்களில் தமிழ்ச் சலூன்கள் வரிசையாக வந்தன. அங்கே கத்தரிக்கோல் பிடிக்கிறவர் எந்தச் சாதியாகவும் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் பாட்டன் தொடமாட்டேன் என்ற கருவியைப் பேரன் ஐரோப்பாவில் காசு கொடுத்துப் படிக்கிறான்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை, கொரோனாவைத் தடுக்க நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. யாழ்ப்பாணம் அபாயம் கூடிய மாவட்டங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டு வாரக்கணக்கில் அடைத்துக் கிடந்தது. உலகம் முழுக்க வீட்டுக் குளியலறையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தங்கள் தலையைத் தாங்களே வெட்டப் பழகிய மாதங்கள் அவை. தீவகத்தில் அதற்குப் புதிதாகப் பழகவேண்டி இருக்கவில்லை. தாத்தாமாருக்குக் கை மறக்கவில்லை. சலூன்காரருக்கோ அது பட்டினி. நாட்கூலியில் ஓடுகிற தொழிலில் பூட்டிய ஒவ்வொரு நாளும் அடுப்பெரியாத நாள்.

இப்போது கத்தரிக்கோலின் இடத்தில் சார்ஜ் பண்ணும் மெசின். முந்தின கைமெசினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாவிட்டால் மயிரை வேரோடு பிடுங்கும், பிள்ளைகள் அலறும். இதற்கு அந்தக் குறை இல்லை, ஆனால் மின்சாரம் வேண்டும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் மின்சாரம் டீசல் ஜெனரேற்றரில் வருவது. மூன்று தீவுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டு, இந்தியா ஆட்சேபித்தபின் கைவிடப்பட்டு, 2022 மார்ச்சில் இந்திய உதவியோடு மீண்டும் ஒப்பந்தமானது. அதே 2022இல் எரிபொருள் இல்லாமல் படகுகள் தவித்தன, விலைவாசி ஏறியது. பட்டணத்தில் வெட்டிக்கொண்டு வந்தவர்களும் முற்றத்துக்குத் திரும்பினார்கள்.

ஊர்காவற்றுறைப் பட்டினத்திலும் வேலணை வங்களாவடியிலும் சலூன்கள் நடக்கின்றன. கதிரையில் ஏறுகிறவரிடம் எந்தப் பகுதி என்று கேட்பதில்லை. 31ஆம் நாள் பிறந்த மயிர் வழிக்கச் சில வீடுகள் சலூன்காரரைத் தொலைபேசியில் கூப்பிடுகின்றன. கூலி முன்னமே பேசி முடிவாகும், அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, கதிரையில் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறார். வேறு வீடுகளில் தகப்பனோ மாமனோ புது பிளேட் போட்டுத் தானே வழித்துவிடுகிறார். சுடலைக் குடம் கொத்துவதற்குத்தான் இன்னும் ஆள் தேடுகிறார்கள். அந்தத் தொழிலில் பிறந்த இளைஞர்களில் பலர் வரமாட்டோம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் எந்தப் பிழையும் இல்லை. தலைமயிரைத் தாங்களே வெட்டப் பழகிய வீடுகளில் சில, இப்போது அந்தக் கத்தியையும் உறவுக்குள் ஒருவரின் கையில் கொடுத்திருக்கின்றன. மூன்று சுற்று, மூன்று கொத்து. செய்து பழக அதிக நேரம் எடுப்பதில்லை.